மக்ளே, இந்த போனைக் கொஞ்சம் பாரு!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை என்று சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: போன் பார்க்கத் தெரிந்த பிள்ளை. ஜர்னலிசம் டிப்ளோமா படித்தது, செய்தி எழுதுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து ரயிலேறி நாகர்கோவிலில் இறங்கி வீட்டுக்குப் போவேன். குளித்துவிட்டு வருவதற்குள் திண்ணையில் இரண்டு மூன்று போன்கள் எனக்காகக் காத்திருக்கும்.

வைரஸ் வந்துவிட்டது என்பார்கள், விளம்பரம் நிற்கவே மாட்டேன் என்கிறது என்பார்கள், பைசா போயிருமோ என்று பயப்படுவார்கள். இரண்டு வருடங்களாக இப்படி உறவுக்காரர்கள், தெருக்காரர்கள் போன்களைப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. இணையப் பாதுகாப்பு என்றால் நாம் எல்லோரும் பணத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். பணம் முக்கியம்தான், அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் போனில் பணத்தைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்தது ஒரு பக்கத்து வீட்டு அக்கா. அவர் கதை பின்னால் வருகிறது.

'அலோ' என்று ஒரு பட்டன்

முதலில் எதிர்வீட்டுப் பாட்டா. ரிட்டயர்டு ஆனவர். அவர் கையில் போன் இருக்கிறதோ இல்லையோ, அது 'டிங் டிங்' என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். "மக்ளே, எப்பமும் வைரஸ், வைரஸ்னு கத்திட்டே கெடக்கு. கடையில குடுத்தா 800 ரூவா கேக்கான்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வைரஸ் எதுவும் இல்லை. பழைய பாட்டு தேடிப் போன ஏதோ ஒரு தளம், 'நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா?' என்று கேட்டிருக்கிறது. பாட்டு வர வேண்டுமே என்று பாட்டா 'அலோ' கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தளம் வைரஸ் எச்சரிக்கை வேஷத்தில் விளம்பரங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: எந்த இணையப் பக்கத்தாலும் உங்கள் போனுக்குள் புகுந்து வைரஸ் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிற பக்கம் பொய் சொல்கிறது.

சரிசெய்ய ஒரு நிமிடம்தான் ஆனது. குரோமில் மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயரையெல்லாம் தொட்டு 'பிளாக்' கொடுத்தால் போதும். அதே இடத்தில் லொகேஷன், கேமரா, மைக் அனுமதிகளையும் ஒரு பார்வை பாருங்கள். சமையல் குறிப்புத் தளத்துக்கு உங்கள் மைக் எதற்கு?

கல்யாணப் பத்திரிகை வேஷத்தில் வரும் ஃபைல்

தோவாளை பூச் சந்தைக்குப் பூ கொண்டுபோகிற மாமா ஒருவர், லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: 'உங்கள் வாகனத்துக்கு அபராதம். விவரம் பார்க்க இதைத் திறக்கவும்.' கூடவே ஒரு ஃபைல். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று மூன்று எழுத்து. நல்லவேளை, தொடுவதற்கு முன்னால் கேட்டார்.

புகைப்படம் வேறு, பிடிஎஃப் வேறு, ஏபிகே வேறு. ஏபிகே என்பது ஒரு முழு ஆப். அதைத் திறந்து இன்ஸ்டால் செய்தால், முதல் வேலையாக எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி உங்களுக்கு வரும்போதே அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் போய்விடும். அடுத்து உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்தே உங்கள் சொந்தக்காரர்களுக்கும் அதே ஃபைல் போகும். அபராதம், கிசான் உதவித்தொகை, கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்று வேஷம் மட்டும்தான் மாறும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்பதால் நம்பக் கூடாது என்று சொல்வது அதனால்தான். அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம்.

நிஜமான அபராதத்தைப் பார்க்க மத்திய அரசின் 'பரிவாகன்' தளம் இருக்கிறது. அதற்கு எந்த ஃபைலும் தேவையில்லை. செட்டிங்ஸ் பகுதியில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடி, வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் அதுதான்.

போஸ்ட் கார்டும் இன்லேண்ட் லெட்டரும்

"பூட்டுப் படம் இருந்தா நல்ல சைட்டுதானே?" என்று அந்த மாமாவே கேட்டார். பலருக்கும் இருக்கிற நம்பிக்கை இது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

'எச்டிடிபி' என்று தொடங்கும் முகவரி போஸ்ட் கார்டு மாதிரி. தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம். கடைசியில் ஒரு 'எஸ்' சேர்ந்து 'எச்டிடிபிஎஸ்' ஆனால் அது ஒட்டிய இன்லேண்ட் லெட்டர். வழியில் இருப்பவர்களுக்கு முகவரி தெரியும், உள்ளே எழுதியது தெரியாது. ரயில் நிலைய வைஃபையில் உட்கார்ந்து நீங்கள் எதையாவது படித்தால், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது வைஃபை நடத்துபவருக்குத் தெரியலாம். என்ன படித்தீர்கள் என்பது தெரியாது.

ஆனால் லெட்டர் ஒட்டியிருக்கிறது என்பதால் அதை வாங்குகிறவர் யோக்கியர் என்று ஆகிவிடுமா? திருடனும் தன் தளத்துக்கு இலவசமாகவே அந்தப் பூட்டை வாங்கி மாட்ட முடியும். மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023-ல் கூகுள், குரோமிலிருந்து அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

பூட்டைவிட முக்கியம் பெயர். இணைய முகவரியை, முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் எத்தனை போட்டாலும் ஆளின் பெயர் கடைசியில்தானே இருக்கும்? அதுபோலத்தான். முன்னால் வங்கியின் பெயர், அரசின் பெயர் என்று என்ன வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். கடைசியில் என்ன முடிகிறது என்பதுதான் உண்மை. 'ஜிஓவி டாட் இன்' என்று முடிவது அரசுத் தளங்களுக்கு மட்டுமே கிடைக்கும். வங்கிகளுக்கும் இப்போது தனி முகவரி வந்துவிட்டது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்கள் வங்கியின் பெயரில் ஒரு பக்கம் பாஸ்வேர்டு கேட்டால், முதலில் அதன் வாலைப் பாருங்கள்.

இந்த இடத்தில் சிலர் விபிஎன் போட்டால் சரியாகிவிடாதா என்பார்கள். வைஃபைக்காரர் கண்ணிலிருந்து மறைத்து, விபிஎன் நடத்துகிறவர் கையில் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அவர் யார் என்று தெரியாமல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று போடுவது, தெரியாத ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

நாங்களும் பார்க்கிறோம்

இப்போது என் வேலையிடத்தைப் பற்றிக் கொஞ்சம். இணையத்தில் எழுதும் எங்களைப் போன்றவர்கள் முன்னால் ஒரு திரை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த நொடியில் எத்தனை பேர் எந்தக் கட்டுரையைப் படிக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து, எந்த வகை போனில், கூகுளில் தேடி வந்தார்களா, ஃபேஸ்புக் வழியாக வந்தார்களா, எல்லாம் அதில் தெரியும். உங்கள் பெயர் தெரியாது. ஆனால் நாகர்கோவிலிலிருந்து ஒருவர் இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் திரையைப் பார்த்தபோது, இருட்டில் நின்று ஒரு வீட்டு ஜன்னலைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

எங்களுக்குத் தெரிவது இவ்வளவுதான். பக்கத்தில் விளம்பரம் போடும் நிறுவனங்களுக்குத் தெரிவது இதைவிட அதிகம். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டூலி என்ற பொறியாளர் 'குக்கீ' என்ற சின்னக் குறிப்பைக் கண்டுபிடித்தார். கடைக்காரர் வாடிக்கையாளரை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. நாளடைவில் அதே விளம்பர நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் காலையில் மருந்துக் கடைத் தளத்துக்குப் போனதையும் மாலையில் நகைக் கடைத் தளத்துக்குப் போனதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது. ஆப்பிளின் சஃபாரி 2020-லேயே இந்த 'மூன்றாம் நபர்' குக்கீகளைத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் அவற்றைத் தளத்துக்குத் தளம் தனித்தனியாகப் பூட்டிவைக்கிறது. குரோமிலும் நிறுத்துவோம் என்று 2020-ல் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆகவே குரோமில் அதை நாம்தான் தடுக்க வேண்டும். சைட் செட்டிங்ஸ் பகுதியிலேயே 'தேர்டு பார்ட்டி குக்கீஸ்' என்று இருக்கும்.

விளம்பரம்தானே இணையப் பத்திரிகைக்குச் சோறு போடுகிறது, நீயே இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். விளம்பரத்தைப் பார்ப்பது வேறு, விளம்பரம் நம்மைப் பார்ப்பது வேறு. முதலாவதில் எனக்கு வருத்தமில்லை.

அந்த அக்காவின் கேள்வி

இனி அக்கா. நாற்பது வயதைத் தாண்டியவர். கணவர் வளைகுடாவில். வீட்டில் மாமியார், கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் மகள், கல்லூரிக்குப் போகும் மகன். மகன் புதுப் போன் வாங்கியதும் பழைய போன் அம்மாவுக்கு வந்தது. நம் வீடுகளில் அதுதானே வழக்கம்.

மற்றவர்கள் போன பிறகு மெதுவாக வந்தார். போனை நீட்டவில்லை. "நான் இதுல தேடினது எல்லாம் எனக்க மகனுக்க போன்லயும் தெரியுமா? அதை அழிச்சிரலாமா?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. இரண்டு போனிலும் ஒரே ஜிமெயில் கணக்கு. அம்மா இங்கே தேடுவது மகன் போனின் தேடல் பட்டியலில் வரும். அம்மா இங்கே பார்த்த வீடியோவை ஒட்டி மகன் போனில் யூடியூப் புது வீடியோக்களைக் கொண்டுவந்து கொடுக்கும். அப்படித்தான் ஒருநாள் மகன், "என்னம்மா, எனக்கு இந்த வீடியோ எல்லாம் வருது?" என்று கேட்டிருக்கிறான். விளையாட்டாகத்தான் கேட்டிருக்கிறான். அக்காவுக்குக் கை கால் ஆடிவிட்டது.

அவர் தேடியது, மார்பில் கட்டி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை.

மகன் கேட்ட அன்றோடு தேடுவதை நிறுத்திவிட்டார். யாரிடமும் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் அம்மாவுக்கு இப்படி என்று வெளியே தெரிந்தால் மகள் வாழ்க்கை என்னாகும் என்ற பயம். அப்படியே நான்கு மாதம் ஓடியிருக்கிறது.

அவர் போனில் புதிதாக அவர் பெயரில் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். பழையதில் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்துக்குப் போய் அவர் காட்டியதை அழித்தேன். 'ஆட்டோ டெலீட்' என்பதில் 3 மாதம் என்று வைத்தேன். இனி தேடியதெல்லாம் 3 மாதத்தில் தானாகவே அழியும். தனியாக ஒரு விஷயம் தேட வேண்டுமானால் 'இன்காக்னிட்டோ' விண்டோவைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். அது வீட்டில் இருப்பவர்கள் கண்ணிலிருந்து மறைக்கும். ஆனால் உலகத்திடமிருந்தே மறைக்கும் மந்திரமல்ல. தளங்களுக்கும் நெட் கொடுக்கும் கம்பெனிக்கும் நாம் தெரிவோம். இன்காக்னிட்டோவிலும் தகவல் சேகரித்தார்கள் என்று அமெரிக்காவில் 2020-ல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024-ல் ஏற்பட்ட சமரசத்தில் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

இதெல்லாம் 20 நிமிட வேலை. அடுத்த வாரம் என் அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போனார். பரிசோதனையில் சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருந்தால்? அந்த நான்கு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்த குரலில், அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். டிப்ளோமா படிக்கும்போது தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் அர்த்தம் புரிந்தது அக்காவின் திண்ணைக் கேள்வியில்தான். மறைக்கக் கெட்டது எதுவும் இல்லாதவர்களுக்கு எதற்கு அந்தரங்கம் என்று கேட்கிறார்கள். அக்கா எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரு கேள்வியைப் பயமில்லாமல் கேட்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்துக்குப் பெயர்தான் அந்தரங்கம்.

எங்கள் ஊர் கற்ற தப்பான பாடம்

குமரி மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோருக்கும் 2020 நினைவுக்கு வரும். சமூக வலைதளம் வழியாகப் பெண்களிடம் பழகி, படங்களையும் வீடியோக்களையும் வைத்து மிரட்டியதாக நாகர்கோவில் இளைஞர் ஒருவர் அந்த ஏப்ரலில் கைதானார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் விரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் பல வீடுகளில் நடந்தது எனக்குத் தெரியும். பெண் பிள்ளைகளின் போன்கள் பிடுங்கப்பட்டன. பாஸ்வேர்டு அண்ணனுக்கும் அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பாதுகாப்புக்காகத்தான் செய்தார்கள், மனசு நல்ல மனசுதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மிரட்டுகிறவனின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் எது? 'உன் வீட்டில் சொல்லிவிடுவேன்' என்ற ஒற்றை வாக்கியம். வீட்டுக்குப் பயப்படுகிற பிள்ளைதான் அவனுக்கு எளிதில் கிடைக்கும் இரை. வீட்டில் கெடுபிடி கூடக்கூட அவனுக்குத்தான் பலம் கூடுகிறது. அந்த வழக்கு நகர்ந்தது, பாதிக்கப்பட்ட பெண்கள் துணிந்து புகார் கொடுத்ததால்.

அப்படி யாராவது மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது மூன்று. பணம் கொடுக்கக் கூடாது. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். 1930 என்ற எண்ணிலோ, 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' தளத்திலோ உடனே புகார் செய்ய வேண்டும். படம் பரவிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ டாட் ஓஆர்ஜி' என்ற இலவசத் தளம் 2021 முதல் இருக்கிறது. நீங்கள் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதன் கைரேகை மாதிரி ஓர் எண் உருவாகும், அது மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அதே படம் ஏறினால் அந்த எண்ணை வைத்து அடையாளம் கண்டு தடுப்பார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று இதே மாதிரி இன்னொரு தளம் உண்டு.

நம் கையில் இருப்பதும் இல்லாததும்

எல்லாம் சரியாகச் செய்துவிட்டால் ஒன்றும் நடக்காதா? அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் டெலிகிராமில் கசிந்தன. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொல்லிக்கொண்டான். மருத்துவ அறிக்கைகளும் அதில் இருந்தன. அந்த வாடிக்கையாளர்கள் தங்கள் போனை எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும். தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. அது எப்படி நடைமுறைக்கு வருகிறது என்று கவனிப்பது எங்களைப் போன்ற செய்தியாளர்களின் வேலை.

நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

• வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி ஜிமெயில் கணக்கு. பழைய போன் கைமாறும்போது முதலில் முந்தையவரின் கணக்கை நீக்குங்கள்.

• குரோமில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். தேர்டு பார்ட்டி குக்கீகளைத் தடுங்கள்.

• ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள், அதில் ஆட்ஸ் பகுதிக்குப் போய் 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' கொடுங்கள். ஐபோனில் பிரைவசி பகுதியில் 'டிராக்கிங்' அனுமதியை அணையுங்கள்.

• போனுக்கும் பிரவுசருக்கும் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். திருடன் நுழையும் ஓட்டையை அடைப்பதே அப்டேட்டின் முதல் வேலை.

• ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஜிமெயில் போனால் மற்ற எல்லாமே பின்னாலேயே போகும்.

• கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி அழைக்காதீர்கள். வங்கி எண் ஏடிஎம் கார்டின் பின்பக்கமே இருக்கிறது.

• 1930-ஐ எல்லோர் போனிலும் சேமியுங்கள். பணம் போனால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்கு அது வழியிலேயே முடக்கப்பட வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம் செய்த பிறகு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதற்கு எந்த செட்டிங்ஸும் இல்லை. சாப்பிட உட்காரும்போது பிள்ளைகளிடமும், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "போன்ல எதுல மாட்டிக்கிட்டாலும் முதல்ல எங்கிட்ட சொல்லு. நான் ஏசமாட்டேன்." சொன்னபடி ஏசாமலும் இருங்கள். மிரட்டுகிறவன் கையில் அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது.